பன்னிரண்டு அட்டையில் ஒரு கப்பல்

2004 ஜூன் 6, ஞாயிறு

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. பரணைச் சுத்தம் செய்யும் வேலை. பாதியில் விட்டாச்சு. காரணம், கப்பல்.

மகள் சுதா சென்னையிலிருந்து கொண்டுவந்து கொடுத்த பிளாஸ்டிக் விமானத்தைப் போன வாரம் முடித்தேன். ஐம்பத்தெட்டு துண்டு. இருபத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு கையில் பிளேடும் பசையும். விமானியின் கண்ணாடி மூடியில் என் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்துவிட்டது. பாவம், அவன் வெளியே எதைப் பார்த்தாலும் என் ரேகை வழியாகத்தான். ஆனால் இறக்கை இரண்டும் நூல் பிடித்த மாதிரி நேர். கை மறக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

கல்யாணம் நிச்சயமானதும், அதுவரை செய்து வைத்திருந்த பஸ், ரயில், பாலம் எல்லாவற்றையும் நானே பழைய பேப்பர்காரரிடம் போட்டேன். யாரும் போடச் சொல்லவில்லை. வரப்போகிறவர் சிரிப்பாரோ என்று பயம். வந்தவர் சிரிக்கிற ஆளே இல்லை. தறியில் உட்கார்ந்தால் பேசுகிற ஆளும் இல்லை.

பரணில் கோணி கோணியாகப் பழைய ஜக்கார்டு அட்டை, தறியில் பார்டர் போட ஓட்டை குத்தியது. தடிமன், வளைத்தால் உடையாது. கடையில் காசு கொடுத்தாலும் இப்படிக் கிடைக்காது. கப்பல் செய்யப் பன்னிரண்டு உருவினேன். பக்கத்துக்கு ஆறு.

தேவை: வெள்ளைப் பெயின்ட், உப்புத்தாள், துணி மாட்டும் கிளிப் ஒரு டஜன். துவரம்பருப்பு.

9, புதன்

புழுக்கம். ஆரணி பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்குப் போனேன். தபால் ஆபீஸில் சரியான கூட்டம். ஒரு பெரியவர், “ஜல்தியா குத்தும்மா, பெரணமல்லூர் பஸ்ஸு பூடும்.” முத்திரை குத்தும்போதெல்லாம் கப்பலின் முன்மூக்கு ஞாபகம். எப்படி வளைப்பது?

சாயந்திரம் விடை கிடைத்தது. ஈரத்துணி சுற்றி வைத்து, அட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி ஒட்டினேன். வளைந்தது!

12, சனி

ஓட்டைகள் தெரியாமலிருக்க மேலே தாள் ஒட்டி, வெள்ளை அடித்தேன். மேல்தளம் இன்னும் ஒட்டவில்லை. அவர் டீ குடிக்க வந்தார்.

“இன்னா இது?”

“கப்பலுங்க.”

“ம்.”

டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம் என்று ராத்திரி சாப்பாடு வரை யோசனை. ரசத்தில் உப்பு இல்லை.

15, செவ்வாய்

மழை வரும் போல இருந்து ஏமாற்றியது.

பட்டு முதலாளி வந்தார். வாசலிலிருந்தே என் வீட்டுக்காரரிடம் பேச்சு. “ஏகாம்பரம், ஆறு வருசம் முன்ன பெரிய பொண்ணுக்கு நெய்ஞ்சியே, அன்னம் போட்ட பார்டர், அதேதான் சின்னதுக்கும் வோணுமாம். ஆடிக்கு முன்ன கல்யாணம். வரைஞ்ச தாள எங்க வூட்ல கரையான் துன்னுடுச்சி. அட்டை உங்கிட்ட கீதுல்ல?”

“கீதுங்க. பத்திரமா கீது.”

அவர் பரணிலிருந்து கோணியை இறக்கினார். தொண்ணூற்றாறு அட்டை. ஒரு இழைக்கு ஒரு அட்டை. ஒன்று குறைந்தாலும் அன்னம் ஊனமாகிவிடும். நாற்பத்தொன்றிலிருந்து ஐம்பத்திரண்டு வரை காணோம். இரண்டு தடவை எண்ணினார்.

“எலி இழுத்துகினு போயிருக்குமா கமலா?”

வாயைத் திறக்கவில்லை நான். நாற்பத்தைந்து வயதில் இப்படி ஒரு கோழைத்தனம். சொன்னால் கப்பலும் போச்சு, இனி பிளேடைத் தொடும் முகமும் எனக்கு இருக்காது.

16, புதன்

ஆபீஸிலிருந்து வந்தால், பரண் மேல் எலிப்பொறி. உள்ளே மசால் வடை. அதற்காகவே தெருமுனை வரை போய் வாங்கி வந்திருக்கிறார்.

அதைப் பார்த்ததும் தாங்கவில்லை. “எலி இல்லீங்க. நான்தான்.” கப்பலைக் காட்டினேன்.

கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“கோணி வாயில செகப்பு நூலு கட்டி வெச்சேனே, பாக்கல?”

பார்த்தேன். சும்மா ஒரு நூல் என்று நினைத்தேன். மறுபடி நெய்ய வேண்டிய அட்டை என்றால் சிவப்பு நூலாம். இருபத்து மூன்று வருஷம் நெசவுக்காரர் வீட்டில் இருந்துகொண்டு இது தெரியாது. நான் என்ன செய்கிறேன் என்று அவர் கேட்பதில்லை என்று குறைப்பட்டேனே, நான் மட்டும் கேட்டேனா?

“பிரிச்சிடறேங்க.”

“இரு, இரு.” கப்பலின் பக்கவாட்டில் விரலால் தடவினார். “தாளுக்குள்ள ஓட்டை தட்டுப்படுது. வெளிச்சம் உட்டா தெரியும்.”

17, வியாழன்

லீவு போட்டேன். பகலில் தறி அறையின் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, கப்பலுக்குள் டார்ச். வெள்ளைத் தாளில் புள்ளி புள்ளியாக வெளிச்சம். அவர் படிக்கிறார்: “ஓட்டை, ஓட்டை, மூடு, ஓட்டை.” நான் கட்டம் போட்ட தாளில் குறிக்கிறேன். இரண்டு அட்டையைத் தலைகீழாக ஒட்டியிருந்தேன். உள்பக்கம் இருந்த எண்ணை வைத்துக் கண்டுபிடித்துத் திருப்பி எழுதினோம். இத்தனை நேரம் சேர்ந்து உட்கார்ந்து எவ்வளவு நாளாச்சு!

முன்மூக்கில் மாட்டிக்கொண்டது. அங்கே அட்டை மேல் அட்டை. வெளிச்சம் ஏறவில்லை.

“வுடு கமலா. அங்க குத்துமதிப்பா போட்டுக்கலாம்.”

குத்துமதிப்பாக ஒரு இழை ஓட்டியவர் இல்லை அவர். எனக்காகச் சொல்கிறார். பிளேடை எடுத்து மூக்கை நானே பிளந்தேன். ஈரத்துணி வைத்து ஒவ்வொன்றாக உரித்தேன். அழுகை வந்தது, அழுதேன். அவர் டார்ச்சை அணைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தார்.

உள்ளே இருந்தது அன்னத்தின் கழுத்து.

சாயந்திரம் ஆரணியில் புது அட்டைக்கு ஓட்டை அடிக்கும் பாயிடம் தாளைக் கொடுத்துவிட்டு வந்தார்.

21, திங்கள்

மேகமூட்டம். தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டார். “வந்து பாத்துட்டுப் போ.”

தறியில் முதல் அன்னம் விழுந்திருக்கிறது. கழுத்து கோணவில்லை. ஜரிகையைத் தொட்டுப் பார்த்தேன், அவ்வளவு நிம்மதி. 8.40 பஸ்.

நாளெல்லாம் மனசு சரியில்லை. புடவை தப்பித்தது. இனி அட்டை வேண்டுமென்றால் நான் கேட்டால்தானே? எந்த வாயால் கேட்பேன்?

சாயந்திரம் வந்தால், கூடத்தில் மூன்று கோணி, ஒன்றிலும் சிவப்பு நூல் இல்லை. அவரே பரணிலிருந்து இறக்கி, தூசி தட்டி வைத்திருக்கிறார். தறியிலிருந்து தலை நிமிராமல் குரல் மட்டும்:

“அந்த மூணும் செத்த அட்டை. வெட்டிக்க.”