தாழ்ப்பாள் இல்லாத படிப்பறை

சேசு மரி சூசை துணை

ஓடைப்பட்டி

அன்பு மகன் வின்சென்டுக்கு அம்மா எழுதுவது. அந்தக் குவைத் வெயிலில் நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பாதி சுகம் என்றுதான் எழுத வருகிறது. போன் இருக்கும்போது அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று பதறாதே. நம் வீட்டில் அடுப்படியில் பேசினால் வாசல்வரை கேட்கும், இது உன் தங்கச்சி காதில் விழக்கூடாத விஷயம். பக்கத்துத் தெரு சுரேஷ்கண்ணன் லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்புகிறான், ஊறுகாய்ப் பாட்டிலோடு இதையும் கொடுத்து விடுகிறேன். தனியாக இருக்கும்போது படி.

தோட்டத்தில் இந்தத் தடவை திராட்சை திரளும்போது மழை பிடித்துக்கொண்டது. பாதிக் குலை வெடித்துப் போய்விட்டது, குளவி மொய்க்கிறது. அப்பா பந்தலுக்குள் போவதும் வெறுங்கையோடு வருவதுமாக இருக்கிறார். அது போகட்டும், பழம் அடுத்த கவாத்து வெட்டியதும் வரும். நான் எழுத வந்தது ஷெரினைப் பற்றி.

அவள் டாக்டர் படிப்புப் பரீட்சையை இரண்டாம் தடவை எழுத வீட்டிலேயே இருந்து படிக்கட்டும், படிக்கிற இடம் சரியாக இருந்தால் படிப்பு தானாக வரும் என்று நீ சொன்னாயே, நீ சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. கட்டிலில் உட்கார்ந்து படிக்கக்கூடாது என்றாய், சின்னமனூரில் போய் மேசையும் நாற்காலியும் எடுத்து வந்தோம். தனி அறை வேண்டும் என்றாய், நம்மிடம் ஏது தனி அறை, கொடிக்கு அடிக்கிற மருந்து வைத்திருந்த அறையைத்தான் ஒழித்தோம். டப்பாக்களும் ஸ்பிரேயரும் தோட்டத்துக் கொட்டகைக்குப் போய்விட்டன. நான்கு தடவை கழுவிவிட்டேன், வாடை கொஞ்சம் போனது, மருந்துக்குக் கலக்கிற துத்தம் பட்ட நீலக்கறை மட்டும் சுவரை விட்டுப் போகவில்லை. நீ அனுப்பிய விளக்கை வைத்தபோது அறை அழகாகத்தான் இருந்தது.

உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா. எந்த நாளைக்கு எந்த மருந்து என்று கொடிக்குக் கணக்கு எழுதுகிற அதே சுவரில், அதே சாக்குக்கட்டியால் பிள்ளைக்கும் எழுதி வைத்தார். காலையில் இன்ன பாடம், மாலையில் இன்ன பாடம், முடித்தால் ஒரு கோடு. போனை வாங்கி வைத்தார். கோவில் பாட்டுக் குழுவுக்கும் போகக்கூடாது என்றுவிட்டார். ஏன் இப்படி என்றால், ஒட்ட வெட்டிவிட்டாத்தான்டி காய்க்கும் என்கிறார். கொடிக்கும் துளிர்க்கிற கண்ணு விட்டுத்தானே வெட்டுவீக என்று கேட்டேன். உன் தங்கச்சி பாடாத ஞாயிற்றுக்கிழமைப் பூசை எனக்குப் பூசையாகவே இல்லை.

முதலில் ஒழுங்காகத்தான் உட்கார்ந்தாள். பிறகு மாதிரிப் பரீட்சையில் மார்க் இறங்க இறங்கக் கதவு சாத்தியே கிடந்தது. வைத்த சோறு வைத்தபடி இருக்கும். எட்டிப் பார்த்தால் புத்தகம் விரித்திருக்கும், ஆனால் போன வாரம் பார்த்த அதே பக்கம். போன மாதம், அவளோடு கோச்சிங்கில் படித்த பிள்ளை ஒன்று மார்க் வரவில்லை என்று தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டது. செய்தி கேட்டு ஊரே அழுதது, இவள் அழவில்லை. சரிம்மா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு ராசா, பெற்றவள் நினைக்கக்கூடாததை எல்லாம் நினைத்தேன். மறுநாள் அவள் குளிக்கப் போன நேரம் ஸ்குரூவைத் திருகித் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். கொட்டகைச் சாவியையும் இடுப்பில் செருகிக்கொண்டேன். கேட்டால் துருப்பிடித்துவிட்டது என்று சொல்லலாம் என்று இருந்தேன்.

அவள் கேட்கவே இல்லை. கதவில் இருந்த ஓட்டையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள். எதுக்குக் கழட்டுனன்னு எனக்குத் தெரியும்மா, நீ பயப்படுற மாதிரி ஒண்ணும் செய்ய மாட்டேன், ஆனா என்னைய அங்கன மட்டும் உக்கார வைக்காத, செவுத்துல அப்பா போட்ட கோடு என்னையவே பாத்துக்கிட்டு இருக்கு என்றாள். சொன்னதெல்லாம் சரி, ஆனால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அதுதான் என்னை அறுக்கிறது.

இப்போது அடுப்படியில் என் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்திருக்கிறாள். படிக்கிறாளா என்று நான் பார்ப்பதில்லை. இரண்டு கவளம் கூடச் சாப்பிடுகிறாள், அவ்வளவுதான். வாங்கிய மேசை சும்மா கிடக்கிறதே என்று அப்பா சத்தம் போட்டார். நான் தாழ்ப்பாள் விஷயத்தைச் சொன்னேன். அன்று சாயங்காலம் ஈரத்துணி எடுத்துச் சுவரைத் துடைத்தார். எழுத்து போய்விட்டது, கறைதான் இருக்கிறது.

தேனியில் மனசுக்குப் பார்க்கிற டாக்டர் அம்மா ஒருவர் இருக்கிறாராம். ஷெரினிடம் மெதுவாகக் கேட்டேன், நீயும் கூட வந்தா வாரேன் என்றாள். உன் அப்பாதான் ஊரு என்ன பேசும், நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரக என்ன நினைப்பாக என்று இழுக்கிறார். நான் சொன்னால் அவருக்கு ஏறாது, நீ சொன்னால் கேட்பார். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அப்பாவிடம் பேசு. அவர் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் வருகிற செவ்வாய்க்கிழமை நான் அவளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன், ஆனால் அப்பாவும் கூட வந்தால் பிள்ளைக்குத் தெம்பாக இருக்கும்.

இன்னொன்று. ஞாயிறுதோறும் நீ கூப்பிட்டவுடன் எத்தனை மார்க் என்று கேட்கிறாய். நல்லதுக்குத்தான் கேட்கிறாய், எனக்குத் தெரியும். இனிமேல் கேட்காதே. என்ன சாப்பிட்டாய் என்று கேள், இல்லாவிட்டால் ஒரு பாட்டுப் பாடு என்று கேள். பாடாவிட்டாலும் பரவாயில்லை, கேள்.

மாதா உனக்குத் துணை நிற்கட்டும். உன் நெற்றியில் நான் சிலுவை போட்டதாக நினைத்துக்கொண்டு தூங்கு. தாழ்ப்பாளையும் ஸ்குரூவையும் துணியில் முடிந்து என் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். வயசுப்பிள்ளை அறைக்குத் தாழ்ப்பாள் வேண்டும்தான். அவள் என் முகத்தைப் பார்த்துப் பேசுகிற அன்றைக்கு என் கையாலேயே திருப்பி மாட்டிவிடுவேன்.

உன் அம்மா,
ஆ. மதலேனாள்