பூட்டாமல் விட்ட பச்சை சைக்கிள்

என் ராஜி அக்கா, எங்கிருந்தாலும் என் குரல் கேட்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

நீ போய் மூன்று வருடம் ஆகிறது. இத்தனை நாளும் உனக்கு எழுதாமல் இருந்ததற்குத் தறி வேலை காரணம் இல்லை, பயம்தான் காரணம். நீ என்னிடம் ஒப்படைத்த இரண்டில் ஒன்றைத் தொலைத்துவிட்டேன். உன் பச்சை சைக்கிளைத் திருட்டுக் கொடுத்துவிட்டேன், அக்கா. கோபித்துக்கொள்வாயா? கோபித்துக்கொள்ளவாவது நீ இருந்தால் தேவலையே.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மங்கையையும் வண்டியையும் பாத்துக்கோடா. வண்டி அவளுக்குத்தான்." மாமா காலமான பிறகு அந்தச் சைக்கிளை மிதித்துத்தானே மகளை வளர்த்தாய்? திருப்பருத்திக்குன்றம் வரைக்கும் தனியாகப் போய்ப் பிரசவம் பார்த்துவிட்டு வருவாய். உன் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. சைக்கிள் நர்ஸம்மா என்றால்தான் தெரியும்.

மங்கை அதில்தான் பள்ளிக்கூடம் போய்வந்தாள். கால் எட்டவில்லை, சீட்டை இறக்கித் தருகிறேன் என்றால் விடமாட்டாள். "அம்மா வச்ச மாதிரியே இருக்கட்டும் மாமா" என்பாள். நுனிவிரலால் மிதித்துக்கொண்டு அவள் தெரு திரும்புவதைப் பார்க்கும்போது, ஒரு நிமிடம் நீதான் போகிறாய் என்று தோன்றும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே நான் தறியை விட்டு எழுந்து வாசலுக்கு வருவேன்.

பாவு நாளில் நம் தெரு எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? தறியில் ஏற்றப்போகும் பட்டிழைகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் உலர்த்தியாக வேண்டும். வீட்டுச் சைக்கிள்களையெல்லாம் தெருமுனைப் பிள்ளையார் கோயில் சுவரில் சாத்திவிடுவோம். பூட்ட மாட்டோம். நடுவில் மாட்டு வண்டி ஏதாவது வந்தால் யாராவது சட்டென்று நகர்த்த வேண்டுமே. அன்றைக்குப் பூட்டுகிறவன் தெருக்காரர்களை நம்பாதவன் என்று பெயர் வாங்கிவிடுவான். நீ ஒருத்திதான் அந்தப் பெயரை வாங்கிக்கொண்டு பூட்டுவாய்.

அன்று என் பாவு. பத்துப் பேர் வந்து கைகொடுத்தார்கள். பூட்டலாம் என்று சங்கிலியை எடுத்தவன், அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கேரியரிலேயே அதைச் சுருட்டி வைத்துவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பாவைச் சுருட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் மற்ற சைக்கிள்கள் எல்லாம் இருந்தன. உன்னுடையது இல்லை. திருடனுக்குப் பூட்டையும் சங்கிலியையும் சேர்த்தே கொடுத்தனுப்பியிருக்கிறேன். எதிர்வீட்டு முனுசாமி, "சாவியாவது பத்திரமா வச்சிக்கினு இருக்கியேப்பா" என்றான். அவன் என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு நல்ல மனுஷர். "சைக்கிள் நம்பர் இன்னாபா?" என்றார்.

"தெரியாது சார். பச்சைக் கலரு. எங்க அக்காவுது."

"அக்காவுதுன்னு எயுதிக்கினா கெடைச்சிடுமா? வேற அடையாளம்?"

மேட்டில் மிதிக்கும்போது அது போடும் 'கிறீச்' சத்தத்தைச் சொன்னேன். அதை எப்படி எழுதுவது என்று அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பல வருடம் வீட்டில் நின்ற வண்டி. அதன் நம்பரை ஒரு நாளாவது குனிந்து பார்த்தேனா?

பிறகு தேடாத இடம் இல்லை. வாலாஜாபாத் சந்தைக்கு ஒவ்வொரு வாரமும் போய்ப் பச்சை சைக்கிள்களாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பச்சை சைக்கிளில் போன ஒரு பெண்ணின் பின்னால் கொஞ்ச தூரம் ஓடி, அவள் அண்ணனிடம் அடி வாங்காத குறையாகத் திரும்பினேன். மங்கை என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பள்ளிக்கு நடந்தே போனாள். அதுதான் தாங்க முடியவில்லை.

கடைசியில் சைக்கிள் கடை காதர் பாய்தான் கைகொடுத்தார். அவருடைய மூன்று பிள்ளைகளும் உன் கையில் பிறந்தவர்கள் அல்லவா? ஒரு பழைய வண்டியின் சட்டம், இன்னொன்றின் சக்கரம் என்று சேர்த்து ஒரு லேடீஸ் சைக்கிளை ஒப்பேற்றிக் கொண்டுவந்தார். கறுப்பு நிறம். பூட்டும் அவரே பார்த்துக் கொடுத்தார். "சக்கரத்த மட்டும் கட்டினா சக்கரம் மட்டும்தான் மிஞ்சும்பா. சட்டத்தையும் சேத்துக் கட்டு" என்றார்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதைக் குறைவில்லாமல் செய்தேன். வண்டி நம்பரைப் பஞ்சாங்கத்தின் அட்டையில் எழுதி வைத்தேன். வீட்டு நடையில் சுவரைத் தோண்டி இரும்பு வளையம் பதித்து, சங்கிலியை அதில் கோத்துப் பூட்டினேன். அதுவும் போதாமல், ஹேண்டில்பாரிலிருந்து ஒரு நூலைத் தறிவரைக்கும் இழுத்து, நுனியில் பூஜை மணியைக் கட்டினேன். பூனை தாண்டினாலும் மணி அடிக்கும். நான் தறிக்குழியிலிருந்து பாய்ந்து வருவேன். இரண்டு தரம் இழை அறுந்தது. "திருடன் வர்றதுக்குள்ள நீங்களே தறிய முடிச்சிடுவீங்க போல" என்று உன் தம்பி பெண்டாட்டி சரோஜா மணியை அவிழ்த்துப் பூஜைக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தெருவிலும் இப்போது ஒரு மாற்றம். பாவு நாளில் முறை வைத்து ஒருவர் சைக்கிள்களின் பக்கத்தில் காவல் உட்காருகிறோம். யாரும் யாரையும் தப்பாக நினைப்பதில்லை.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை, அக்கா. இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு நிஜமாகவே வெட்கம்.

மங்கை எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும் நர்ஸ் பயிற்சிக்கு மனுப் போட்டிருந்தாள். செங்கல்பட்டில் சேரச் சொல்லிக் கடிதம் வந்தது. தபால்காரர் என் கையில் கொடுத்தார். ஒன்றைத் தொலைத்தவனுக்கு இன்னொன்றையும் வெளியே அனுப்பத் துணிவு வருமா? கடிதத்தை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டேன். எட்டு நாள். அவள் தினமும் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே நெய்தேன்.

ஒன்பதாம் நாள் தபால்காரரே அவளிடம், "எப்பம்மா ஊருக்குப் போற?" என்று கேட்டுவிட்டார்.

அவள் கத்தவில்லை. தறிக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். "மாமா, தொலஞ்சது சைக்கிளு. நான் உங்க எதிர்லயே உக்காந்துக்கினு இருக்கறேன். என்னையும் அந்த வளையத்துல கோத்துப் பூட்டப் போறீங்களா?" என்றாள்.

சரோஜாதான் பேசினாள். "அண்ணி ஒத்தையா எங்கெங்கயோ போனாங்க. அவங்கள இப்படிப் பூட்டி வச்சிருந்தா காதர் பாய் பசங்கள யாரு எடுத்திருப்பா?" என்றாள். எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தேன். கடிதத்தில் போட்டிருந்த கெடுவுக்கு ஒரே ஒரு நாள் பாக்கி இருந்தது. அந்த ஒரு நாளும் போயிருந்தால் உன் முகத்தில் எப்படி விழித்திருப்பேன்?

மறுநாள் காலை ரயில். அவள் பெட்டியைக் கறுப்பு சைக்கிளின் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். அவள் பக்கத்தில் நடந்து வந்தாள். ஸ்டேஷனை நெருங்கும்போதே ரயில் வந்துவிட்டது. வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவளை ஏற்றி, ஜன்னலோரம் உட்கார வைத்து மூச்சு வாங்கும்போது கரி எஞ்சின் ஊதியது.

அவள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "மாமா, வண்டியப் பூட்டினீங்களா?" என்று கத்தினாள்.

பூட்டவில்லை, அக்கா. சங்கிலி கேரியரிலேயே கிடந்தது. "பூட்டிட்டேம்மா" என்றேன். ஓடிப்போய்ப் பார்க்கலாமா என்று கால் ஒரு கணம் திரும்பியது. திரும்பினால் அவள் முகம் போய்விடுமே. கடைசிப் பெட்டி கண்ணை விட்டு மறையும் வரைக்கும் அங்கேயே நின்று கையாட்டினேன்.

அவளுக்கு வரும் கடிதம் இனி அவள் கைக்குத்தான் போகும். இது உனக்கு என் சத்தியம்.

உன் மகளைத் தைரியமாக வழியனுப்பக் கற்றுக்கொண்டிருக்கும்
உன் தம்பி ஏகாம்பரம்