இரண்டுக்குத் தலையாட்டிய எண்

யோக்யகர்த்தா,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தம்பி லுஹுருக்கு,

வெனிங் அக்கா எழுதுவது. அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மனைவியும் சுகந்தானே? இங்கே விடாத மழை. துணி எதுவும் காயவில்லை. உன் பேராசிரியர், அதாவது என் வீட்டுக்காரர் பிரசோஜோ, நேரத்துக்குச் சாப்பிடுகிறார், தூங்குகிறார்.

உன் மின்னஞ்சல் வந்தது. அவருக்கு அனுப்பாமல் எனக்கு அனுப்பியிருந்தாயே, அதிலேயே புரிந்துவிட்டது. அவர் கண்டுபிடித்த எண் பகா எண் இல்லை.

நாங்கள் அதற்கு விருந்தே வைத்துவிட்டோம், தெரியுமா? பிள்ளை பிறந்த வீடு மாதிரி மஞ்சள் சோற்றைக் கூம்பாகக் குவித்து, கோழி பொரித்து, தெருவையே கூப்பிட்டார். பக்கத்து வீட்டு தர்யோ சும்மா இருப்பாரா? "இவ்ளோ பெரிய நம்பரால யாருக்கு என்ன பிரயோஜனம், வாத்தியாரே?" என்று வாயைக் கிளறினார். "உங்க மருமகனால என்ன பிரயோஜனம்? வீட்ல இருக்கான்ல, இதுவும் இருந்துட்டுப் போகட்டும்" என்றார் இவர். மருமகனும் சேர்ந்து சிரித்தான். அவர் அப்படிப் பேசி வெகு நாளாகியிருந்தது.

நானும் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள்தான். இரண்டைத் தன்னாலேயே, ஒரு பகா எண் எத்தனையோ அத்தனை தடவை பெருக்கி, ஒன்றைக் கழித்து, தெரிந்த காரணிகளை வகுத்துத் தள்ளியபின் எஞ்சிய எண் அது. அந்த வம்சத்து எண்ணை இரண்டை வைத்துச் சோதித்தால், பகா எண்ணோ இல்லையோ, ஆமாம் என்றுதான் தலையாட்டும். மூன்றை வைத்துக் கேட்டிருக்க வேண்டும். வகுப்பில் இதற்காக உங்களையெல்லாம் திட்டித் தீர்த்தவரே அவர்தானே? எண் போனால் போகிறது, தம்பி. அவர் போய் இரண்டை வைத்துச் சோதித்தாரே, அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றை வைத்துப் பார்த்ததில் பகா எண் இல்லை என்று தெரிந்தது, எது அதை வகுக்கிறது என்று மட்டும் தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். இங்கே மருத்துவரும் அப்படித்தான். மூளையில் ஏதோ சரியில்லை என்கிறார். என்னவென்று கேட்டால் இன்னொரு படம் எடுக்கச் சொல்கிறார்.

மறைக்க மனம் வரவில்லை. நேற்றுக் காலை காப்பியைக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "ரெண்டை வச்சா? எந்த மடையன் அப்படிச் சோதிச்சான்?" என்றார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, தம்பி. அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நான்தாங்க" என்றேன்.

கத்துவார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "போகட்டும் விடு, வெனிங். நீ பாவம், தனியாவே மண்டையை உடைச்சிருக்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றார். பிறகு மூன்றை வைத்து எப்படிச் சோதிப்பது என்று ஒரு பிசகும் இல்லாமல் சொல்லிக்கொடுத்தார். கேட்டுக்கொண்டேன். அடுக்களைக்குப் போய்த்தான் அழுதேன்.

இனி அது என் பிழை. மனைவி செய்த தவறுக்கு மன்னிப்புக் கேட்டு உனக்குக் கைப்பட எழுதப்போகிறாராம். கடிதம் வந்தால் பதில் போடு. என்னைக் கொஞ்சம் திட்டியே எழுது, அப்போதுதான் நம்புவார். உன் வீட்டில் ஒரு குறையும் வராமல் ஆண்டவன் காக்கட்டும். திட்டுவதற்குக் கூச்சப்படாதே, தம்பி.

உன் அக்கா,
வெனிங்