வேலி போடாத கட்டம்

1957 ஜூலை 9

ஜீப் வழியில் இரண்டு தடவை நின்றது. சேதராப்பட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. ஆனாலும் வேலை முடிந்தது. செம்மண் மேட்டுப் புதர்க்காட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் அளந்தாயிற்று. ஒன்றுக்கு முள்கம்பி வேலி. மற்றது திறந்தே கிடக்கும். ஆடுகள் வழக்கம்போல மேயட்டும். ஆட்டு வாய் படாவிட்டால் இந்தப் புதர் திரும்பக் காடாகுமா — கேள்வி அவ்வளவுதான். இரண்டு வருடத்துக்குள் இரண்டு கட்டத்துக்கும் வித்தியாசம் காட்டாவிட்டால் திட்டத்தை மூடிவிடுவேன் என்று எங்கள் பிரெஞ்சுத் தலைவர் முசியே வெர்னே சொல்லிவிட்டார். திட்டத்தோடு என் வேலையும்.

மூலைக்கற்களுக்குக் காவியும் சுண்ணாம்பும் பட்டை பட்டையாக அடித்தேன். தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரிகிறது. நல்ல யோசனை. டிரைவர் சாமிக்கண்ணு என்னவோ சொல்ல வந்தார். நேரமில்லை, வண்டியை எடுங்கள் என்றேன்.

1958 பிப்ரவரி 3

வேலிக்குள் வீரை, காசா, களா — தரையெல்லாம் மரக்கன்றுகள். மனசு நிறைந்துவிட்டது. திறந்த கட்டத்தை எண்ணவில்லை. ஆடு மேய்ந்த இடத்தில் என்ன இருக்கப் போகிறது?

1958 பிப்ரவரி 4

முதுகு வலி. வேறு விசேஷம் இல்லை.

1958 நவம்பர் 21

இன்றுதான் எண்ணினேன். திறந்த கட்டத்திலும் அதே அளவு கன்று. அதே உயரம். ஒரு ஆட்டுப் புழுக்கைகூட இல்லை. எப்படிடா? வெளியே அத்தனை ஆடு திரியுது, இதுக்குள்ள மட்டும் ஒண்ணுகூட வரலைன்னா?

ஆடு மேய்க்கும் தையல்நாயகியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"பட்ட அடிச்ச கல்லுக்குள்ள எவ தம்பி ஆட்ட வுடுவா?"

கோயில் மதிலுக்கு அடிக்கிற பட்டை. எனக்கு உறைக்கவே இல்லை.

"அது சாமி இல்லம்மா. அளவுக் கல்லு."

"தெரியும். நீ டேப்பு புடிச்சி அளந்தத நாங்கதான் பாத்தமே."

"அப்ப வுட வேண்டியதுதானே?"

"யாரு ஆடு மொதல்ல போறது? ஒன்னுது ஏதாவது இருந்தா வுடு."

சாமிக்கண்ணு ஜீப்புக்குப் பின்னால் போய்ச் சிரித்தார். இதைத்தான் அன்றைக்குச் சொல்ல வந்தாராம்.

1958 நவம்பர் 24

கற்களைத் தேய்த்துக் கழுவினேன். தையல்நாயகி பார்த்துவிட்டு, "வச்ச சாமியயும் அழிச்சிட்டியா? நல்லா இருக்குது போ" என்றாள். ஆடுகளை இன்னும் தள்ளியே ஓட்டிப் போனாள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லை. ஒன்றரை வருடம் வீண். என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

1958 டிசம்பர் 2

வெர்னேயிடம் உள்ளதைச் சொன்னேன். "அப்படியானால் மூடலாம்" என்றார். காகிதத்தைப் பார்த்து மூடாதீர்கள், வந்து பார்த்துவிட்டு மூடுங்கள் என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான்.

1958 டிசம்பர் 5

வந்தார். திறந்த கட்டத்துக்குள் கால் வைத்ததுமே சூரைமுள் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டது. சாமிக்கண்ணு ஒவ்வொரு முள்ளாக எடுக்கும்வரை அசைய வழியில்லை. சும்மா நிற்க மாட்டாமல் காலடியைப் பார்த்தார். முள்ளுக்கு அடியில் வீரைக் கன்றுகள். முள் எடுத்த பிறகும் மனுஷன் நகரவில்லை. குந்திக்கொண்டார்.

"வேலியே இல்லாமல் இதுவா?"

திரும்பும்போது சொன்னார்: இன்னும் மூன்று வருடம். ஆடு மேயும் இடத்தில் மூன்றாவதாக ஒரு கட்டம். "அதற்குப் பட்டை அடிக்காதே."

1959 ஜனவரி 12

மூன்றாவது கட்டத்துக்கு இரும்பு முளைகள். மண்மட்டத்துக்கு அடித்துவிட்டேன், யார் கண்ணுக்கும் படாது. தையல்நாயகியின் ஆடுகள் இன்றே என் கன்றுகளை மொட்டையடித்தன. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"ஆடு மேய்ஞ்சா எல்லாரும் பல்லக் கடிப்பாங்க. நீ பல்லக் காட்டுறியே தம்பி" என்றாள்.

1961 டிசம்பர் 20

மூன்றையும் எண்ணி முடித்தாயிற்று. ஆடு மேய்ந்தது மொட்டை. மற்ற இரண்டும் காடு. ஜீப்பில் உட்கார்ந்தபடியே தெரிகிறது. வெர்னே கையெழுத்துப் போட்டுவிட்டார், திட்டம் தொடரும்.

1962 ஆகஸ்ட் 18

எங்கள் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த கொடியேற்றம், விடுமுறை எல்லாம் முடிந்து இன்று காட்டுக்கு. வேலிக்குள் நிமிர்ந்து நடக்க முடியவில்லை, தவழ்ந்துதான் போனேன். உயரம் பார்க்க ஆறடிக் கோல் கொண்டுபோயிருந்தேன். வீரையின் நுனிக்கு எட்டவில்லை.

டேராடூனிலிருந்து கூப்பிட்ட வனத்துறை வேலைக்கு வரவில்லை என்று போன வாரமே எழுதிப் போட்டாயிற்று.

திரும்பும் வழியில் சாரம் கிராமத்துத் தச்சரிடம் பத்தடிக் கோல் ஒன்று செய்யச் சொன்னேன். தெருமுனை தாண்டியதும் சாமிக்கண்ணுவை வண்டியைத் திருப்பச் சொல்லிப் போய், இருபதடியாகவே செய்துவிடுங்கள் என்றேன்.