ஆப்பிரிக்காவைச் சுற்றி ஒரு கல்யாணம்

கிழக்குத் தாம்பரம்
14-1-2024

என் அன்பு ஜோவிதா,

இன்று ஆலயத்தில் மூன்று ஞாயிறு வாசிக்கும் கல்யாண அறிவிப்பில் நம் முதல் ஓலையை வாசித்துவிட்டார்கள்! ‘கப்பல் அதிகாரி ஜோவிதா’ என்றதும் முன்வரிசை முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. பிப்ரவரி ஏழு உறுதி. லெந்துகால நோன்பு தொடங்கிவிட்டால் ஈஸ்டர்வரை கல்யாணம் கிடையாது. வழியில் வேடிக்கை பார்க்காமல் வந்து சேர். நான் வேலை பார்க்கும் மறைமலை நகர் தொழிற்சாலையில் கப்பல் நிலவரமெல்லாம் இப்போது என்னிடம்தான் கேட்கிறார்கள். மாப்பிள்ளை முறுக்கு தாங்கவில்லை!

உன் அசரியா

*

ஸ்பெயின் கரையோரம்
19-1-2024

அன்புள்ள அசரியாவுக்கு,

செங்கடலில் சரக்குக் கப்பல்களை ஏவுகணைகள் தாக்குகின்றன. கேப்டன் எங்களை உட்காரவைத்துக் கேட்டார்: சூயஸ் வழியாகப் போகலாமா, ஆப்பிரிக்காவைச் சுற்றலாமா? ஒருவர் சூயஸ் வேண்டாம் என்றாலும் சுற்றுவோம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கல்யாணத் தேதி கப்பலுக்கே தெரியும். சமையல்காரர் ஹரிபிரசாத், “பாப்பா கல்யாணம் நிக்கக்கூடாது சார், நேரா போவோம்” என்றார். சொல்லிவிட்டுப் பர்சிலிருந்த தன் பிள்ளைகள் படத்தை எடுத்துப் பார்த்தார். நான் சட்டென்று ‘வேண்டாம்’ என்று கையைத் தூக்கிவிட்டேன். சுற்றித்தான் வருகிறோம்.

எனக்கு மாற்றாள் சென்னையில்தான் ஏறுகிறார். அதனால் நடுவில் இறங்கிப் பறந்து வரவும் வழியில்லை. சென்னை வர பிப்ரவரி கடைசி ஆகிவிடும்; ஏழாம் தேதிக்கு வர முடியாது. அத்தையிடம் எப்படிச் சொல்வீர்களோ! கோபமென்றால் திட்டி மெயில் எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் ஜோவிதா

*

கிழக்குத் தாம்பரம்
28-1-2024

ஜோவிதாக் கண்ணே,

பதில் தாமதம்தான். வீட்டில் பெரிய போராட்டம். “குறிச்ச தேதிக்கு வரலேன்னா வேற எடம் பாக்கலாம்” என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். தேதியை மாற்ற வேண்டாமென்று போதகரிடமும் சொல்லிவிட்டாள்.

இன்று மூன்றாம் ஓலை. “இத்திருமணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் இப்போதே சொல்லுங்கள்” என்றார் போதகர். ஒருவரும் ஒருநாளும் வாய் திறக்காத இடம். நான் எழுந்துவிட்டேன்!

“எனக்குத் தடை இருக்கு ஐயா!”

“டேய், உக்காருடா, மானம் போவுது!” என்று அம்மா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“பொண்ணு மேல இல்லீங்க ஐயா. தேதி மேலதான். ஈஸ்டருக்கு அப்புறம் வெச்சுக்கலாம்” என்று சொல்லி, நீ கை தூக்கிய கதையைச் சபை நடுவிலேயே சொல்லிவிட்டேன். அவ்வளவு பெருமை எனக்கு!

ஆராதனை முடிந்ததும் எங்கள் சபை ஜோசலின் ஆன்ட்டி ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மகனும் கடலில்தான் இருக்கிறான்; அவன் கப்பல் செங்கடல் வழியாகவே வருகிறதாம். “உன் மருமக இருக்குற கப்பல்லயே எம்புள்ளையும் இருந்திருக்கலாம்” என்று அழுதார்.

வீடு வந்ததும் அம்மா கேட்டைத் திறந்துகொண்டே கேட்டாள்: “ஆப்பிரிக்கா பக்கம் குளிருமாடா? அந்தப் பொண்ணு ஸ்வெட்டர் எடுத்துக்கினு போச்சா?”

உடனே பதில் போடு. அம்மா காத்திருக்கிறாள்.

உன் அசரியா