மாக்குவியலும் சூசையின் கதிரையும்

6ஆந் திகதி, செவ்வாய்

வெள்ளவத்தையில் விடிய முதலே மழை. லிஃப்ட் வேலை இல்லை. பிரஷர் குளிசை போட்டேன்.

மகள் மாலதி மேசையில் பேப்பர் விரித்து, மேலே சிவப்பரிசி மா ஒரு படை, கோதுமை மா ஒரு படை. டியூஷன் பிள்ளைகளுக்குப் புவியியல் காட்டவாம்.

"பிட்டுக்கும் ரொட்டிக்கும் கலியாணமோ பிள்ளை?"

"சும்மா இருங்கோ அப்பா. அடிமட்டத்தை அசையாமல் பிடியுங்கோ."

மாவுக்குக் குறுக்கே அந்த ஒரு அடி மர ஸ்கேலை நிமிர்த்திப் பிடித்தேன். பேப்பரை அதுக்குக் கீழால் மெல்ல இழுத்தாள். மா பேப்பரோடு போகவில்லை. முட்டி, மடிந்து, துண்டு துண்டாக ஒன்றின் கீழ் ஒன்று செருகி மேலே எழும்பியது. என் பக்கம் உயரம், முன்னுக்குச் சரிவு. ஆப்பு மாதிரி.

சுமத்திராப் பக்கம் கடலடியிலும் இதுதானாம். ஒரு நிலத்தட்டு மற்றதுக்குக் கீழே போக, அதன் முதுகுச் சேறு வழித்தெடுக்கப்பட்டுக் குவிகிறதாம். இமயமலை ஆற்று மண்ணும் அதில். நகம் வளருகிற வேகம்.

"ஒவ்வொரு நாளுமோ?"

"நீங்கள் கதைக்கேக்கையும்தான். தட்டு ரெண்டும் கனகாலம் இறுகி நிக்கும். ஒருநாள் படக்கெண்டு வழுக்கும். கடலடி எழும்பித் தண்ணியைத் தள்ளும். சுனாமி அப்பிடித்தான்."

இன்னொருக்கால் செய்து காட்டச் சொன்னேன்.

சூசைக்குக் காட்ட வேண்டும். கொட்டாஞ்சேனைக்காரன், ஹார்பரில் என்னோடு கிரேன் ஓட்டினவன். மனைவி றீற்றா நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, முல்லைத்தீவில் தன் அக்கா வீட்டுக்குப் போனவள்; அடுத்த நாள் சுனாமியோடு போனாள். அதுக்குப் பிறகு மீன் தொடான். என் பல்கனி நாற்காலியில் கடலுக்கு முதுகு காட்டித்தான் இருப்பான். வெள்ளி தோறும் அவன் வர முதல், சீண்டிப் பகிடி பண்ண, கதிரையைக் கடல் பக்கம் திருப்பி வைப்பேன். ஏசிக்கொண்டு மாற்றுவான்.

9, வெள்ளி

சூசை வந்தான். கதிரை வழக்கம் போல.

"நாசமாப் போவாய் கந்தையா."

பிளேன்ரீ குடித்தோம். பிறகு மா விளையாட்டு. அடிமட்டம் அவன், பேப்பர் நான்.

"பாத்தியா மச்சான், நாங்கள் பிறக்க முதலே குவியிற மண். ஒருத்தற்ர பாவமும் இல்லை."

"அப்ப என்ர பிழை இல்லையோ?"

"உன்ர பிழையோ? உனக்குக் கிரேனே ஒழுங்காத் தூக்கத் தெரியாது, கடலைத் தூக்கினியோ?"

அவன் சிரிக்கவில்லை.

"நத்தாருக்குப் போகமாட்டன் எண்டவள். நான்தான் சண்டை பிடிச்சு, அக்கா வீட்டை போய்த் தொலை எண்டு பஸ் ஏத்தினனான். மண்ணுக்கு ஒண்டும் தெரியாது கந்தையா. எனக்குத் தெரியும்."

எழும்பிப் போய்விட்டான். அடிமட்டமும் அவன் கையோடு.

இருபது வருடத்துக்கு மேல். இதை அவன் ஒரு சொல் சொன்னதில்லை. நான் கதிரை திருப்பின வெள்ளிகள் எத்தனை!

10, சனி

மேசையில் மா அப்படியே. எறும்பு. மாலதி, "என்னப்பா, பகிடி ஒண்டையும் காணேல்ல?"

16, வெள்ளி

நல்ல வெயில். கதிரையை நானே கடலுக்கு முதுகாக, சுவர்ப் பக்கம் பார்க்க வைத்தேன். வருவானோ?

அடிமட்டத்தோடு வந்தான். கதிரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"என்னடா, பாவம் பாக்கிறியோ? கடல் பக்கம் திருப்பு. நான் எதுக்கு ஏசிறது?"

திருப்பினேன்.

வாய் கிழிய ஏசினான். தமிழ் முடியச் சிங்களத்திலும். கதிரையை மாற்றவில்லை; கடலைப் பார்த்தே இருந்தான்.