‘பார்த்துட்டுச் சொல்றேன்’ என்றால் என்ன

அன்புள்ள சின்னுவுக்கு, அம்மா எழுதுவது. நீ அங்கே நலமாக இருப்பாய் என்று நானே முடிவு செய்துகொண்டேன், போனில் கேட்டால் ‘ம்’ என்பதற்கு மேல் நீ சொல்வதில்லை. இங்கே நாங்கள் முக்கால்வாசி நலம். மீதிக் கால், உன் அப்பாவின் முழங்கால்.

கடையில் என்னைச் சோப்புப் பிரிவிலிருந்து மிக்ஸி, வாஷிங் மெஷின் பக்கம் மாற்றிவிட்டார்கள். பதவி உயர்வு என்றார் மேனேஜர், சம்பளத்துக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. சோப்பு வாங்குகிறவர்கள் என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார்கள், நடந்துகொண்டே கையை நீட்டி எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டு போவார்கள். சென்ட் வாங்குகிறவர்கள் பேரைச் சொல்லிக் கேட்பார்கள், அது இல்லையென்றால் வேறெதையும் தொடாமல் திரும்பிவிடுவார்கள். என் பக்கம் அப்படியா, குடும்பத்தோடு வந்து கதவைத் திறந்து மூடி, தட்டிப் பார்த்து, எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று விசாரித்து, என் தொண்டைத் தண்ணீர் வற்றியதும் “பார்த்துட்டுச் சொல்றோம்க்கா” என்று கிளம்பிவிடுவார்கள். பார்ப்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல மனசு வராதவர்களின் மரியாதை அது. நானும் சிரித்துக்கொண்டே அடுத்தவரிடம் போய்விடுவேன்.

கடைசி மூலையில் ஊன்றுகோலும் முழங்கால் பட்டையும் இருக்கும், அந்தப் பக்கம் யாரும் ஆசைப்பட்டு வருவதில்லை. போன வாரம் உன் அப்பா வந்தார். ஒரு பக்கெட்டுக்கு ஊரிலுள்ள கடையெல்லாம் ஏறி இறங்குகிற மனிதர், விலைகூடப் பார்க்காமல் ஒரு பட்டையை எடுத்து, தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடப்போகிறது என்று சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்ததில் காவலாளி பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர்தான் என்று நான் ஓட வேண்டியதாயிற்று.

பட்டையெல்லாம் போதாது, ஆபரேஷன்தான், இன்னும் தள்ளினால் நடையே போய்விடும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். தேதி கேட்டதற்கு இவர், “எம் பொண்ணு வரேன்னிருக்கா, அவ சொல்லட்டும்” என்கிறார். நீ எப்போது வரேன் என்றாய்? “லீவு கிடைக்குமான்னு பார்த்துட்டுச் சொல்றேம்ப்பா” என்றாய், நானும் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்குப் புரிந்துவிட்டது, அவர் ஒரு நாளாவது கடையில் நின்று விற்றிருந்தால்தானே அவருக்குப் புரியும்? பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன், “எம் பொண்ணு என்ன உன் கடைக்கு வந்த கஸ்டமரா?” என்று எரிந்து விழுந்தார். உன் மெத்தையை வெயிலில் போட்டு எடுத்துவிட்டு, ஆபரேஷன் தேதியை இரண்டாவது முறையாகத் தள்ளிவிட்டார். இப்போது மாடி ஏறுவதில்லை, கூடத்திலேயே படுக்கிறார். கேட்டால் காற்று நன்றாக வருகிறதாம்.

எனக்குக் கோபமில்லை சின்னு, வருத்தம் இருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். வர முடிந்தால் வா. முடியாதென்றால் முடியாது என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடு, ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பார், மறுநாளே நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடுவேன். வேளைக்குச் சாப்பிடு, வேலையைக் கட்டிக்கொண்டு அழாதே, ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய். முதல் மணியிலேயே எடுத்துவிடுவார்.

இப்படிக்கு,
உன் அம்மா